முதுகால் அவமதித்த வழக்கு

பாளையம்பட்டி யாக்கோபுக்குக் காது கேட்காது என்பது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. யாக்கோபுக்கே ரொம்ப நாள் தெரியாது. நம்பிக்கை இல்லாதவர்கள் தறிக்கூடத்தில் வேலை பார்த்த யாரையாவது விசாரித்துப் பார்க்கலாம். விசாரிக்கும்போது முகத்துக்கு நேரே நின்று விசாரிக்க வேண்டும்.

ராஜகுரு முதலாளியின் விசைத்தறிக் கூடத்தில் தறிகள் ஒன்றன் இடுப்பை ஒன்று இடிக்கிற நெருக்கத்தில் நின்றன. ஒரு தறி ஓடினால் பக்கத்து வீட்டுத் தொட்டில் பிள்ளை முழித்துக்கொள்ளும். அத்தனையும் ஓடினால், வெளியே இடி விழுந்த சேதியை மறுநாள் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள்ளே நின்று தொண்டை கிழியக் கத்துகிறவன் புதிதாக வேலைக்கு வந்தவனாக இருப்பான். பழகியவர்கள் கத்த மாட்டார்கள். உதட்டை மட்டும் அசைப்பார்கள். எதிரில் இருக்கிறவன் கண்ணால் வாங்கிக்கொள்வான். டீ வந்துவிட்டது, இழை அறுந்துவிட்டது, மேனேஜர் வருகிறான், உன் மாமியார் செத்துப்போனாளாம், எல்லாச் சேதியும் அப்படித்தான் போகும். மேனேஜர் முதுகைக் காட்டி நின்றால் போதும், அவர் குடும்ப வரலாறே கூடத்தில் ஓடும்.

யாக்கோபும் சவுந்தரமும் கல்யாணம் பேசி முடித்ததும் அப்படித்தான். அவள் கூடத்தின் ஒரு கோடியில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே பாய்கிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்கட்டைக்குத் தார் என்று பெயர். அவன் மறு கோடியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தான். நடுவில் முப்பது நாற்பது பேர். "என்னைக் கட்டிக்கிடுறியா?" என்று இவன் உதட்டை அசைக்க, "எங்க அப்பாவக் கேளு" என்று அவள் அசைக்க, ரொம்ப ரகசியமாகக் காரியம் நடந்தது. பாதிரியார் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தபோது தறிக்காரர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. நல்ல நாள் குறித்தது வரைக்கும் அவர்கள் கூடவே இருந்து பார்த்தவர்கள்.

காது போனதை யாக்கோபு கண்டுபிடித்தது ஒரு கோடைகாலத்தில், கரண்டு போன நேரத்தில். கரண்டு போனால் தறிகள் நிற்கும். கூடம் மொத்தமும் பொத்தென்று அமைதியாகிவிடும். எல்லோரும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். யாக்கோபுக்கு மட்டும் தறி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் திரும்பி வந்து தன் தறிமேல் கையை வைத்துப் பார்த்தான். நின்றுதான் இருந்தது. ஓட்டம் அவன் தலைக்குள்ளே இருந்தது.

"தறி நின்ன பெறகும் ஓடுதுடி," என்றான் சவுந்தரத்திடம்.

"வெயிலுல அப்பிடித்தான் இருக்கும். மோரக் குடிங்க," என்றாள் அவள்.

மோரைக் குடித்தான். விவகாரம் அதோடு முடிந்தது. சாப்பாடு இறங்கியது, கூலி வந்தது, பெண்டாட்டி பேசுவது தெரிந்தது. காது இல்லாததால் அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை, மேனேஜர் தங்கசாமிக்குக் கௌரவக் குறை வருகிற வரையில்.

எண்பத்தெட்டாம் வருஷ வாக்கில் கோயம்புத்தூரிலிருந்து நூல் வியாபாரிகள் சிலர் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு இல்லை. யாக்கோபு தறிக்கு முன்னால் குனிந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தான். தன் அதிகாரம் எவ்வளவு தூரம் பாயும் என்று காட்ட ஆசைப்பட்ட தங்கசாமி, வாசலில் நின்றபடியே, "யாக்கோபு!" என்று கூப்பிட்டார். முதுகு அசையவில்லை. "ஏலே யாக்கோபு!" முதுகு அசையவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டதில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. முதுகு ஒரு இழையை முடிந்துவிட்டு அடுத்த இழைக்குப் போயிற்று. வியாபாரிகளில் ஒருவர் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே யாக்கோபின் கையில் தாள் கொடுத்தார்கள். 'வெளியூர்ப் பிரமுகர்கள் முன்னிலையில் மேலாளரை முதுகால் அவமதித்துக் கீழ்ப்படியாமை புரிந்ததற்காக' அவனை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். சவுந்தரத்துக்கும் ஒரு தாள் வந்தது. மேற்படி முதுகுக்கு மனைவியாக இருப்பது அவள் குற்றம்.

அவர்கள் வேறு கூடங்களில் ஏறி இறங்கினார்கள். வட்டாரத்துத் தறி முதலாளிகள் பல விஷயங்களில் அடித்துக்கொள்வார்கள், ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருப்பார்கள். கீழ்ப்படியாமை என்று ஒரு இடத்தில் எழுதிவிட்டால் அந்த ஆளுக்கு எந்த இடத்திலும் தறி கிடையாது. யாக்கோபுக்கு வேறு தொழில் தெரியாது. அந்த ஒரு சொல்லை அழித்துக்கொடுத்தால் போதும், அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். எழுதினவர்கள் அழிக்க மாட்டோம் என்றார்கள். அதனால்தான் கோர்ட்டுக்குப் போனான்.

வக்கீல் ஹபீப் ரகுமான் வீரசோழன் ஊர்க்காரர், வயதில் சின்னவர். அண்ணன்மார் எல்லோரும் சவூதிக்குப் போய்விட, இவர் ஒருத்தராவது ஊரில் இருக்கட்டும் என்று வீட்டில் சட்டம் படிக்க வைத்திருந்தார்கள். அருப்புக்கோட்டையில் ஒரு பாத்திரக்கடை மாடியில் ஆபீஸ். யாக்கோபு சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். புத்தகம் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பி நின்றபடி சட்டத்தை நீளமாக விளக்கினார். பிறகு திரும்பி, "என்னண்ணே, வெளங்குச்சா?" என்றார்.

"எது தம்பி?"

"இவ்வளவு நேரம் சொன்னேனே."

"எங்கிட்ட எங்க சொன்னீக? அலமாரியப் பாத்துக்கிட்டுல்ல நின்னீக."

ஹபீப் ரகுமான் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு என்னவோ சொன்னார். யாக்கோபு மரியாதையாகப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புத்தகம் இறங்கியது.

"அண்ணே, ஒங்களுக்குக் காது கேக்காதா?"

"தறிக்காரன் எவனுக்குத் தம்பி கேக்கும்?" என்றான் யாக்கோபு, தாடியில் நரை இருக்கிறதா என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோல.

வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இத மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணே? கேக்காதவரு எப்படிக் கீழ்ப்படியாம இருக்க முடியும்? கேசு முடிஞ்சுபோச்சு!"

கேசு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

கோர்ட்டு எந்த ஊரில் இருந்தது என்று சொல்வதற்கில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். நீதிபதி பழுத்த அனுபவசாலி. கண்ணாடிக்கு மேலாக யாக்கோபைப் பார்த்து, "உமக்குக் காது கேட்காதாமே, உண்மையா?" என்றார்.

"உண்மைதாங்கய்யா," என்றான் யாக்கோபு பட்டென்று.

எதிர்த்தரப்பில் ராஜகுரு முதலாளிக்காக வந்திருந்த பெரிய வக்கீல் எழுந்தார். கைகளை விரித்து கோர்ட்டாரைப் பார்த்தார். ஹபீப் ரகுமான் தறிக்கூடத்துப் பழக்கத்தை எடுத்துச் சொன்னார். நீதிபதி பொறுமையாகக் கேட்டார்.

"வாயைப் பார்த்துக் கேட்பது என்று ஒன்று சட்டத்தில் எங்கே இருக்கிறது?"

"சட்டத்தில் இல்லை, ஐயா. தறிக்கூடத்தில் இருக்கிறது."

"சட்டத்தில் இல்லாதது தறிக்கூடத்தில் மட்டும் இருப்பதை இந்த கோர்ட்டு அனுமதிக்க முடியாது. மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிடுகிறேன்."

பரிசோதனைக்கு முந்தின நாள் ஹபீப் ரகுமான் யாக்கோபுக்கு ஒரு புத்தி சொன்னார். டாக்டர் கேட்டதும் பாய்ந்து பதில் சொல்ல வேண்டாம், கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யாக்கோபுக்கு மனசு ஒப்பவில்லை. தறிக்கூடத்தில் ஒருத்தன் உதட்டை அசைத்தால் உடனே பதில் அசைத்தாக வேண்டும். சும்மா நின்றால் அவனோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம், சண்டை வந்துவிடும். படித்த டாக்டரோடு எதற்குச் சண்டை?

பெரிய ஆஸ்பத்திரியில் சுந்தராம்பாள் டாக்டர் ரொம்ப நல்ல மனுஷி. கிராமத்து ஆட்களுக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு எழுத்தையும் வாய் நிறைய எடுத்துச் சொல்வார். இவ்வளவு அழகாகப் பேசுகிற மனுஷியை யாக்கோபு வாழ்க்கையில் பார்த்ததில்லை. பேர் என்ன, ஊர் என்ன, பிள்ளைகள் எத்தனை, காதில் சீழ் வருமா? அவர் கடைசி எழுத்தை முடிப்பதற்குள் இவன் பதிலை வைத்துவிட்டான். இடது காதில் என்ன தொந்தரவு என்றார். "சுத்தமாக் கேக்காதும்மா." வலது காதில்? "அதுவும் அதே கததாம்மா."

காதை அளக்கிற மெஷின் ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தது. அதைச் சத்தம் புகாத அறைக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த அறையும் இருந்தது. ஆஸ்பத்திரி முழுவதிலும் நிம்மதியாகக் கண்ணயர அது ஒன்றுதான் இடம் என்பதால் பெரிய டாக்டர் உள்ளே இருந்தார். கதவைத் தட்டினார்கள். சத்தம் புகாத அறை, அவருக்குக் கேட்கவில்லை.

கோர்ட்டுக்கு அறிக்கை போயிற்று: 'மனுதாரருக்கு இரண்டு காதுகள் உள்ளன. இரண்டும் உரிய இடங்களில் அமைந்துள்ளன. தமக்குக் காது கேட்காது என்பதை ஒவ்வொரு கேள்விக்கும் தாமதமின்றித் தெரிவித்தார்.'

பெரிய வக்கீல் அடுத்து ஒரு சாட்சியைக் கூட்டிவந்தார். யாக்கோபு போகிற கோயிலில் மணியடிக்கிற ஜெபக்குமார்.

"இந்த யாக்கோபு கோயிலில் பாட்டுப் பாடுவாரா?"

"பாடுவாருங்கய்யா. ஒரு வாரம் தவற மாட்டாரு."

"எப்படிப் பாடுவார்?"

ஜெபக்குமார் தயங்கினார். "அத நான் என்னன்னுங்கய்யா சொல்ல? ஆண்டவருக்கு வெளங்கும். நாங்க அவரு முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு ஆமென் சொல்லுவோம்."

'மனுதாரர் பாடுகிறார்' என்று பதிவாயிற்று. அதற்கு மேல் ஜெபக்குமார் சொன்னது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று நீக்கிவிட்டார்கள்.

இப்போது பெரிய வக்கீல் எழுந்து, மனுதாரர் கேட்டுக்கொண்டே கேட்காததுபோல் நடிக்கிறாரா என்பதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அவர் எதிர்பாராத நேரத்தில் பெரிய சத்தம் ஒன்றை எழுப்பிப் பார்ப்பதுதான் என்றார். ஹபீப் ரகுமான் மறுத்துப் பார்த்தார். நீதிபதிக்கு யோசனை பிடித்துப்போயிற்று. சிவகாசி கூப்பிடு தூரம். வெடிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோர்ட்டு வெடி வாங்குவதென்றால் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, மேலிடத்துக்கு எழுதி, எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு எழுதுவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டு, 'நீதிமன்ற எழுதுபொருள்' என்ற தலைப்பில் அனுமதி வருவதற்குள் ஒரு தீபாவளி போய்விட்டது.

அந்த நாளெல்லாம் யாக்கோபும் சவுந்தரமும் கல்லு மண்ணு சுமந்தார்கள். வாய்தா தேதிகளில் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். "இந்த மட்டம் அழிச்சிருவாகளா?" என்பாள் அவள், பஸ் ஸ்டாப்பில் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்று. "அழிச்சிருவாக," என்பான்.

கடைசியில் அவனுக்குப் பதிவுத் தபாலில் ஒரு அறிவிப்பு வந்தது. ஒரு ஆளுக்கு முன்கூட்டித் தெரிவிக்காமல் அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்பது சட்டம். 'வருகிற வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, நீர் எதிர்பாராத விதமாக, உமது முதுகுக்குப் பின்னால் வெடி ஒன்று வெடிக்கப்படும் என்பதை இதனால் அறியவும்.'

"என்னங்க இது? கோர்ட்டுல எதுக்கு வெடி?" என்றாள் சவுந்தரம்.

"பெரிய எடத்துல என்னென்னமோ மொறை இருக்கும்," என்றான் யாக்கோபு.

வியாழக்கிழமை அவனை நீதிபதியைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் வராந்தாவில் பெஞ்சு கிளார்க் ஊதுபத்தியோடு குந்தியிருந்தார். வக்கீல்கள் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். மணி பதினொன்றரையானதும் நீதிபதி இரண்டு காதிலும் விரலை விட்டு, கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தார்.

யாக்கோபு அதைப் பார்த்தான். அவன் சித்தப்பா நெஞ்சு வலித்துச் செத்தபோது முகம் இதே மாதிரிதான் இருந்தது. வெடியாவது மண்ணாவது! எழுந்து பாய்ந்தான். மேஜையிலிருந்த தண்ணிச் செம்பை எடுத்து நீதிபதியின் முகத்தில் தெளித்து, நெஞ்சைத் தேய்த்துவிட ஆரம்பித்தான். "அய்யாவப் பிடிங்க! அய்யாவுக்கு வந்துருச்சு!" என்று கத்தினான். டவாலிகள் வந்து அவனைப் பிய்த்து எடுக்கிறவரைக்கும் தேய்த்தான். பின்னால் வெடித்தது அணுகுண்டா ஊசிவெடியா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

'வெடிச் சத்தம் எழுந்த அதே கணத்தில் மனுதாரர் இருக்கையை விட்டு எழுந்து, நியாயத்தை நாடுபவர்கள் பாயக்கூடாத திசையில் பாய்ந்தார்' என்று குறிப்பு எழுதப்பட்டது.

ஹபீப் ரகுமான் அன்று பஸ்ஸில் கேசுக்கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான் தோளில் கை வைத்துத் திருப்பி, "அண்ணே, அவரு செத்தாலும் அடுத்த மட்டம் அசையாதீக," என்றார்.

"அதெப்பிடித் தம்பி, மனுசன் சாகுறதப் பாத்துக்கிட்டு இருக்குறது?"

வக்கீல் கடைசியாக ஒரு மனுப் போட்டார். கோர்ட்டாரே நேரில் வந்து தறிக்கூடத்தில் நின்று பார்க்கட்டும். உள்ளே என்ன சத்தம், அதில் மனுஷக் காது பிழைக்குமா, ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கண்ணால் காணட்டும். நீதிபதிக்கு முகத்தில் தெளித்த தண்ணீர் இன்னும் மனசில் இருந்தாலும், வெளியூர்ப் பயணத்துக்குப் படி உண்டு என்பதால் சம்மதித்தார்.

வந்தார்கள். கரண்டு இருந்தது. அத்தனை தறியும் ஓடின. நீதிபதி உள்ளே காலடி வைத்ததும் தூக்கிவாரிப்போட்டதுபோல் நின்றார். பெஞ்சு கிளார்க்கிடம் என்னவோ சொன்னார். கிளார்க்குக்கு எட்டவில்லை. கத்தினார். எட்டவில்லை. பெரிய வக்கீல் ஆட்சேபணை தெரிவித்தார், எதை ஆட்சேபிக்கிறார் என்று அவருக்கே கேட்கவில்லை. சட்டம் மொத்தமும் ஒரு கூடத்துக்குள் வாயைத் திறந்து திறந்து மூடியது. கோர்ட்டோடு வந்தவர்களில், அவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்ட ஒரே ஆள் மூலையில் நின்ற யாக்கோபுதான். 'தலை வலிக்கிறது' என்றார் நீதிபதி. 'சாப்பாடு எங்கே சொல்லியிருக்கு?' என்றார் கிளார்க்.

எதிர்க் கோடியில் ராஜகுரு முதலாளி மேனேஜர் தங்கசாமியோடு நின்றார். முதலாளியும் தறியில் பிறந்தவர்தான். அவர் அப்பன் காலத்தில் கால்மிதித் தறி, இவர் வாலிபத்தில் விசைத்தறி. கோர்ட்டுக்காரர்கள் ஒருத்தருக்கும் ஒன்றும் எட்டாது என்ற தைரியத்தில், பழைய வழக்கப்படி உதட்டை அசைத்தார். தங்கசாமி மூஞ்சி சுருங்கிப்போய் நின்றார்.

கால்மணி நேரத்தில் எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, நீதிபதி சோடாவைக் குடித்துவிட்டு, வழக்கத்தைவிட நாலு மடங்கு சத்தத்தில், "யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கத்தினார்.

யாக்கோபு கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "அய்யா, மொதலாளி இப்ப உள்ள வச்சு மேனேசருட்டச் சொன்னாக. 'இதுக்குள்ள பத்து வருசம் நின்னா கல்லுக்குங்கூடக் காது போயிரும், எனக்கே எடது காது போயிருச்சு. அவன் திரும்பாதது கேக்காமத்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லே. ஒன் மானத்தக் காப்பாத்த நான் வக்கீலுக்கு அழுதுக்கிட்டு இருக்கேன்'னு சொன்னாக."

ராஜகுரு முதலாளியின் வாய் பிளந்தது. "ஏலே, கூடத்துக்கு அந்தப் பக்கம்ல நின்ன! நான் சொன்னது ஒனக்கு எப்பிடிலே தெரிஞ்சுச்சு?"

சொன்ன பிறகுதான் பெரிய வக்கீல் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். ஹபீப் ரகுமானுக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. எதிர்மனுதாரரே ஒப்புக்கொண்டாரே! வாசலில் நின்ற சவுந்தரம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாக்கோபு அவளைப் பார்த்து, 'அழிஞ்சுபோச்சு' என்று உதட்டை அசைத்தான். அந்தக் கெட்ட சொல் அழிந்தது என்று அர்த்தம்.

தீர்ப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. தறிக்கூடத்தில் நின்றதில் நீதிபதி அவர்களுக்குக் காதுக்குள் இரைச்சல் கண்டு, கடமையின்போது ஏற்பட்ட பாதிப்பு என்று மருத்துவ விடுப்பு எடுத்திருந்தார். அவர் எழுதிக் கொடுத்ததே போதும் என்று பரிசோதனை ஏதுமில்லாமல் முழுச் சம்பளத்தோடு விடுப்பு அனுமதிக்கப்பட்டது. திரும்பி வந்ததும் தீர்ப்பை வாசித்தார்.

'எதிர்மனுதாரர் மேற்படி வார்த்தைகளைச் சொன்னார் என்பதில் இந்த கோர்ட்டுக்குச் சந்தேகமில்லை. அவரே மறுக்கவில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது யாதெனில், அந்த இரைச்சலில் இந்த கோர்ட்டுக்குத் தன் குரலே கேட்கவில்லை. பெஞ்சு கிளார்க்குக்குக் கேட்கவில்லை. இரு தரப்பு வக்கீல்களுக்கும் கேட்கவில்லை. கூடத்தின் எதிர்க் கோடியில் தாழ்ந்த குரலில் பேசப்பட்டதை ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டவர் மனுதாரர் ஒருவரே. சாதாரண மனிதருக்கு உள்ளதைவிடக் கூர்மையான செவிப்புலன் மனுதாரருக்கு உண்டு என்பது இதனால் ஐயமற நிரூபணமாகிறது. இத்தகைய காதுகளை வைத்துக்கொண்டு, கரண்டு இல்லாத வேளையில், மேலாளர் மூன்று முறை அழைத்தும் திரும்பாதது கீழ்ப்படியாமை அன்றி வேறில்லை. மனு தள்ளுபடி.'

நீதிபதி தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தார். யாக்கோபுக்குத் தாளின் பின்பக்கம்தான் தெரிந்தது. ஹபீப் ரகுமானைப் பார்த்தான். அவர் கைக்குட்டையால் வாயைத் துடைக்கத் தொடங்கி, எடுக்கவே இல்லை. பெரிய வக்கீல் கேசுக்கட்டைச் சேர்த்துக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார். வாசலோரம் நின்ற சவுந்தரத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது.

"வாங்க, போவோம்."

யாக்கோபுக்கு என்ன காது என்பது வட்டாரம் பூராவும் பரவிவிட்டது. சும்மா பேச்சென்றால் நம்ப மாட்டார்கள், இது கோர்ட்டு சீல் வைத்துச் சொன்னது. தறி முதலாளிகள் அவனைத் தூரத்தில் கண்டதும் துண்டை எடுத்து வாயைப் பொத்தினார்கள். அவர்கள் பொத்தினால் மேனேஜர்கள் பொத்தினார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் எதிர் பெஞ்சில் இருப்பவர்கள் கிளாஸை வாயைவிட்டு எடுக்காமல் பேசினார்கள். கூடப் பாடுபட்டவர்களே, எதற்கு வம்பு என்று, தலையைக் கவிழ்த்துக்கொண்டு கடந்தார்கள். கோயிலில் பாதிரியார்கூடப் பிரசங்கத்தின்போது வேதப் புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பதுபோல் யாக்கோபுக்குத் தோன்றியது. கோர்ட்டு அவனுக்குக் காது உண்டென்று சொன்ன அந்த வாரத்தில்தான் யாக்கோபு செவிடனானான்.

இரண்டு பேரும் பரளச்சிப் பக்கம் கரிமூட்டத்துக்குப் போனார்கள். அந்தக் காட்டில் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் சீமைக் கருவேலம் வளரும். வெட்டி, அடுக்கி, மேலே மண்ணைப் பூசி உள்ளே தீயை வைத்துவிட்டால், மூட்டம் நாள் கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். கரி எடுக்கிறவர்கள் எல்லோரும் ஈரத்துணியை மூக்கோடு வாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். யாக்கோபைப் பார்த்து யாரும் கட்டிக்கொள்ளவில்லை, புகைக்குக் கட்டினார்கள். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணும் துணியுமாக ஆட்கள் நடமாடினார்கள். மூட்டம் சரிகிறது, விலகு என்று எவனாவது கத்தினால் அவனுக்குத் தெரியப்போவதில்லை. முதல் வாரமே ஒரு தடவை சரிந்து, கணுக்காலைத் தீ நக்கிவிட்டுப் போயிற்று.

மறுநாளிலிருந்து சவுந்தரம் துணி கட்டவில்லை. அவன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு கரி அள்ளினாள். மூட்டத்துக்குப் பொறுப்பான தனுஷ்கோடி தன் துணியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு சத்தம்போட்டார்.

"ஏத்தா, துணியக் கட்டு! நெஞ்சுக்குள்ள பொகை ஏறிரும்."

"கட்டுனா நான் பேசுறது இவுகளுக்கு எப்பிடிய்யா தெரியும்?"

"அதுக்குன்னு பொகையத் திம்பியா? நெஞ்சு போனா என்ன செய்வ?"

"கேசு போடுவேன்," என்றாள் சவுந்தரம். "எனக்கு நெஞ்சு இருக்கா இல்லையான்னு பாக்க அம்புட்டுப் பேரும் பஸ் ஏறி வருவாக. வெடியெல்லாம் வாங்கிட்டு வருவாக."

தனுஷ்கோடிக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரில் நின்ற யாக்கோபு ஒரு எழுத்து விடாமல் வாங்கிக்கொண்டான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். தீர்ப்புக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். காற்று திரும்பிப் புகை மொத்தமும் அவள் பக்கம் வந்தது. அவள் குனிந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

அவள் சிரித்து முடிக்கட்டும் என்று யாக்கோபு சிரித்தபடியே காத்துக்கொண்டு நின்றான்.